தண்ணீர்க் கணக்கு

திருவண்ணாமலை அக்கினி ஸ்தலம். பஞ்ச பூதங்களில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமானால் திருவானைக்காவுக்கு அல்லவா போக வேண்டும்? நெருப்பு ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர்ப் புராணம் பாட வந்துவிட்டானே இந்த மனுஷன் என்று நீங்கள் நினைக்கலாம். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்களும் ஒரு பௌர்ணமிக்காவது எங்கள் ஊருக்கு வந்து, 14 கிலோ மீட்டர் கிரிவலம் சுற்றியிருப்பீர்கள். இந்திர லிங்கத்தில் உற்சாகமாகப் புறப்பட்ட கால்கள் வருண லிங்கத்துக்கு வந்து சேரும்போது கெஞ்சத் தொடங்கியிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நீட்டிய டம்ளரை வாங்கி மடக் மடக்கென்று குடித்தீர்களே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தத் தொட்டியில் நின்றது, அந்தத் தொட்டியை யார் எப்போது கழுவினார்கள் என்று கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் கேட்டவன் அல்லன்.

அடியேன் கணக்கு வாத்தியார். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். "ஒரு தொட்டியை ஒரு குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 8 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் ஒருசேரத் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்?" - இந்தக் கணக்கை எத்தனை நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்பதற்கே தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். விடை 24 மணி நேரம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதன் பலனைத்தான் பிற்பாடு அனுபவித்தேன்.

முதலில் எங்கள் ஊர்த் தண்ணீரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலை அடிவாரத்து ஊர் எங்களுடையது. மழை பெய்தால் மலையிலிருந்து ஓடிவரும் தண்ணீரைக் குளத்திலும் தீர்த்தத்திலும் ஏரியிலும் பிடித்து வைத்துக்கொள்வது பழைய காலத்து ஏற்பாடு. கோயிலுக்குள்ளேயே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் இருக்கின்றன. ஊருக்குள் ஐயங்குளம் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஏரி. அதற்குச் சமுத்திரம் என்றே பெயர். அந்த நாளில் எங்கள் பெரியவர்களுக்கு ஆசை கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்திருக்கிறது!

ஊர் பெருத்தது. 1886ல் நகராட்சி ஆயிற்று. குளமும் ஏரியும் போதவில்லை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958ல் சாத்தனூர் அணையைக் கட்டி முடித்தார்கள். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு புளியோதரை கட்டிக்கொண்டு போய், முதலைப் பண்ணையையும் பூங்காவையும் பார்த்துவிட்டு வருகிறோமே, அதே அணைதான். அங்கிருந்து குழாய் வழியாக ஊருக்குக் குடிநீர் வருகிறது. 2024ல் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு போட்ட போர். எங்கள் ஊர் பாறைப் பூமி. பாறை இடுக்குகளில் பல காலம் தங்கிய தண்ணீர், பாறையிலுள்ள உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வெந்நீர் வைத்த தவலையில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படலம் கட்டும். அதைச் சுரண்டிச் சுரண்டியே என் சம்சாரத்துக்கு வலது கை ஒரு சுற்றுப் பருத்துவிட்டது என்பது அவளுடைய நெடுநாளைய புகார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு வாலிபர் வந்து நின்றார். கழுத்தில் டை. கையில் பெட்டி. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவர்.

"ஐயா, நீங்கள் குடிப்பது தண்ணீரா, விஷமா என்று ஐந்தே நிமிஷத்தில் காட்டிவிடுகிறேன்" என்றார். இப்படி ஒருவர் சொன்னால் யார்தான் உட்காராமல் இருப்பார்கள்?

எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தாம் கொண்டுவந்த தண்ணீரை இன்னொன்றில் ஊற்றினார். இரண்டிலும் இரண்டிரண்டு கம்பிகளை விட்டு மின்சாரத்தைப் போட்டார். அடுத்த நிமிஷம் எங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாக ஒரு சேறு கிளம்பிற்று பாருங்கள், ஏதோ சாக்கடையைக் கலக்கிவிட்டதுபோல! அவர் டம்ளர் மட்டும் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது.

"இத்தனை நாளும் இதையா குடித்தோம்!" என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்த டம்ளர்கள் வரலாம். ஆகவே குட்டை இங்கேயே உடைத்துவிடுகிறேன். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியில் உள்ள இரும்பு கரைந்து வந்தது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரையும். உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. ஆகவே அது தெளிந்தே நிற்கும். உடம்புக்கு வேண்டிய நல்ல தண்ணீரும் இந்தப் பரீட்சையில் 'சேறு' ஆகத்தான் செய்யும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. செக்குப் புத்தகத்தைத் தேடப் போய்விட்டேன். என் சம்சாரம் மட்டும் அசையவில்லை. அந்த வாலிபரின் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு கருவி இருந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர். "தம்பி, அதை இப்படிக் கொடு" என்று வாங்கிப் போர்த் தண்ணீரில் விட்டாள். 1140 என்று காட்டிற்று. பிறகு அடுக்களைக்குப் போய், முதல் நாள் குழாயில் பிடித்து வைத்த குடத்தில் விட்டாள். 380.

"ஏங்க, நாம குடிக்கிறது குழாய்த் தண்ணிதானே? போர்த் தண்ணியைப் பாத்திரம் கழுவத்தானே வச்சுக்கறோம்? கழுவற தண்ணிக்கு வைத்தியம் பார்த்து, குடிக்கிற தண்ணிக்கு எதுக்கு மெஷின் வாங்கணும்?" என்றாள்.

கணக்கு வாத்தியார் நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை உப்பு இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் நம் நாட்டுத் தர நிர்ணயம் சொல்கிறது. 500க்குக் குறைந்த இடங்களில் இந்த மாதிரி மெஷினை வைக்கவே கூடாது என்று தடை போடும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் அரசாங்கத்துக்குச் சொல்லிற்று. காரணம், மெஷின் வீணாக்கும் தண்ணீர். சாதாரண வீட்டு மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால், ஏறக்குறைய மூன்று குடம் கழிவாகச் சாக்கடைக்குப் போய்விடும்.

அப்படியானால் அந்த மெஷினே உதவாக்கரையா என்றால், இல்லவே இல்லை. அது மகா கெட்டிக்காரக் கண்டுபிடிப்பு. வீட்டில் மாவடு போடுகிறவர்களுக்கு அதன் சூட்சுமம் பாதி தெரியும். வடுமாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டே நாளில் காய் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்லிய சவ்வைத் தாண்டி வெளியே உள்ள உப்பை நோக்கி ஓடுகிறது. அது இயற்கை. இதையே தலைகீழாக்கினால்? உப்புத் தண்ணீரைப் பம்பு வைத்து ஒரு சவ்வின்மேல் பலமாக அழுத்தினால், தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடும். உப்பு அந்தப் பக்கமே நின்றுவிடும். இதற்கு ஏற்ற சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1960ஐ ஒட்டிய வருஷங்களில் இரண்டு பேர் செய்து காட்டினார்கள். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். 1965ல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் சர்வ சாதாரணமாக 'ஆர்.ஓ.' என்று சொல்வது இதைத்தான்.

நிற்க. எங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்று ஆயிற்று. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் நிலைமை வேறு. தெருக்கோடியில் குடியிருக்கிறவர்களுக்கு வீட்டுக் குழாய் இல்லை. பொதுக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீரில் முந்திப் பிடித்தவர்களுக்குத்தான் குடம் நிறையும். மற்றவர்கள் அந்த 1140ஐத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அல்லது கடையில் 20 லிட்டர் கேனை 35 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெருவுக்குப் பொதுவாக ஒரு மெஷின் வைத்தால் என்ன?" என்று ஒரு நாள் பேச்சு எழுந்தது. 2023ஆம் வருஷம் தை மாதம் அது காரியமாகவும் ஆயிற்று. ஒருவர் தம் வீட்டுப் பக்கத்தில் இடமும் போர்த் தண்ணீரும் கொடுத்தார். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். 20 லிட்டர் 7 ரூபாய் என்று விலை வைத்தோம். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துத் திறப்பு விழா நடத்தினோம். கமிட்டிக்கு ஒரு பொருளாளர் வேண்டுமே? கணக்கு வாத்தியார் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

நீங்கள் என் நோட்டைப் பார்த்திருக்க வேண்டும். வரவுக்கு நீல மை. செலவுக்குச் சிவப்பு மை. தினம் எத்தனை கேன், எவ்வளவு காசு, கரெண்டு பில் எவ்வளவு என்று ஒரு பைசா பிசகாமல் எழுதினேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் உண்டியலும் நோட்டும் ஒத்துப்போகும். அப்படி ஒத்துப்போகும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது கணக்கு வாத்தியார்களுக்குத்தான் தெரியும்.

தெருக்கோடியில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாள் இருக்கிறாள். மகளும் மருமகனும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆறு வயதுப் பேரன் பாட்டியிடம் வளர்கிறான். அவள்தான் எங்கள் மெஷினுக்கு முதல் வாடிக்கை. விடியற்காலையில் கோயில் வாசலுக்குப் பூக்கூடையோடு போகிறவள், போகும் முன் ஏழு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். "பையனுக்குன்னு வாங்கறேன் வாத்தியார் ஐயா. எனக்கென்ன, நான் எந்தத் தண்ணியும் குடிப்பேன்" என்பாள்.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் ஊரில் பெய்த மழையை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டோம். மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோன நாள் அது. அந்தத் துக்கத்தில் எங்கள் மெஷினை யார் நினைத்தார்கள்? மின்சாரம் திரும்பியதும் மெஷின் ஓடிற்று. தண்ணீர் வந்தது. நோட்டில் வரவு எழுதினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் பூக்கார அம்மாள் தண்ணீர் பிடிக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரித்தபோது, பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் இருந்தான். பிழைத்தான், அண்ணாமலையார் புண்ணியம். அதே வாரத்தில் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் இதே கஷ்டம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சமாசாரம் கேள்விப்பட்டு, இரண்டு சின்ன பாட்டில்களோடு வந்தாள். உள்ளே ஏதோ மருந்து. மலக் கழிவு கலந்த தண்ணீரை அதில் ஊற்றி வைத்தால் ஒன்று இரண்டு நாளில் கறுத்துவிடும். கலக்காவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். 1982லேயே நம் நாட்டு விஞ்ஞானிகள் வகுத்த எளிய சோதனை இது. கரெண்டு வேண்டாம், பெரிய கூடம் வேண்டாம்.

ஒரு பாட்டிலில் மெஷினிலிருந்து நேரே விழுந்த தண்ணீர். மற்றதில், அந்தத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் தொட்டியின் குழாயில் பிடித்தது. இரண்டையும் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை பார்த்தேன். முதல் பாட்டில் மஞ்சள். இரண்டாவது மை மாதிரிக் கறுப்பு.

ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தோம். புயலில் தொட்டியின் மூடி நகர்ந்து, ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தது. உள்ளே புறாவின் இறகுகளும் எச்சமும் கிடந்தன. பக்கச் சுவரில் வழவழவென்று பாசி. தொட்டியைத் திறப்பு விழாவுக்கு முன்பு கழுவியதோடு சரி. இரண்டு வருஷம்!

"ஏனம்மா, இவ்வளவு விலை போட்டு மெஷின் வைத்தும் இப்படி ஆயிற்றே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஸார், மெஷின் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது" என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். ஊர்க் குழாயில் வருகிற தண்ணீரில் குளோரின் போடுகிறார்கள். ஒரு வாசனை அடிக்கிறதே என்று நாம் மூக்கைப் பிடிக்கிறோம். ஆனால் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது கடைசிக் குழாய் வரை மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் ஏதாவது கிருமி புகுந்தால் அதைக் கொல்ல ஒரு காவல்காரன் வேண்டுமல்லவா? எங்கள் போர்த் தண்ணீருக்கோ அந்தக் காவல்காரன் முதலிலிருந்தே கிடையாது. மெஷினும் அவனைச் சேர்ப்பதில்லை. குழாய்த் தண்ணீரையே அதில் விட்டிருந்தால்கூட, குளோரின் சவ்வைக் கெடுத்துவிடும் என்று உள்ளே உள்ள கரி முதலில் அதைத்தான் எடுத்துவிடும். ஆகவே மெஷினிலிருந்து வரும் தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் நிராதரவானது. அழுக்குத் தொட்டியில் விழுந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு வழி கிடையாது.

பையனின் நோய்க்கு எங்கள் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மழை நாளில் வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். இப்படிச் சொல்லிக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். ஆனால் கறுத்த பாட்டில் என் மேஜைமேல் இருந்ததே!

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூக்கார அம்மாள் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"நோட்டுல எல்லாம் எழுதுவீங்களே ஐயா. தொட்டி கழுவின கணக்கு அதுல இல்லீங்களா?"

அவ்வளவுதான். அவள் குத்திக்காட்டிப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எழுதத் தெரிந்த வாத்தியார் நோட்டுப் போட்டு எழுதுகிறார். அதில் முக்கியமானது இல்லாமல் போகுமா என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் தினமும் ஏழு ரூபாய் எண்ணி வைத்திருக்கிறாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிற்பாடு இந்த விஷயமாகத் தேடித் தேடிப் படித்தேன். கனடா தேசத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிறிய ஊர். பணக்கார நாடு, எந்தச் சௌகரியத்துக்கும் குறைவில்லை. 2000ஆம் வருஷம் மே மாதம் பலத்த மழையில், மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. குளோரின் போதிய அளவு போடவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். விசாரித்துப் பார்த்தபோது, தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் குளோரினை அளக்காமலே அளந்ததாக நோட்டில் பொய்யாக எழுதி வந்தது தெரிந்தது. அவர்கள் பொய்க் கணக்கு எழுதினார்கள். நான் அந்தக் கணக்கையே எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானே?

நம் ஊர்ப் பக்கத்திலும் ஒரு பழைய கதை உண்டு. காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடவோலையில் பெயர் எழுதத் தகுதி கிடையாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் கிடையாது! அந்தச் சட்டப்படி பார்த்தால் என் மைத்துனன் வரைக்கும் அம்போதான்.

ஆனால் அந்தச் சபையில் ஒரு குறையும் இருந்தது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அங்கே இடம். ஏரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்தவளுக்கு இடமில்லை.

இன்றைக்குச் சட்டம் அப்படி இல்லை. 1993ல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர சபைகளிடம் ஒப்படைக்கக்கூடிய காரியங்களின் பட்டியலில் குடிநீரைச் சேர்த்திருக்கிறது. கிராமங்களில் மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட்டுவதற்கு நம் மாநிலத்தில் 2022ல் விதிகள் வந்துவிட்டன. பூக்கட்டுகிறவளும் எழுந்து நின்று, "எங்கள் குழாயில் குளோரின் எவ்வளவு?" என்று கேட்கலாம். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுப்பதும் ஓர் அம்சம். வழியெல்லாம் திறந்துதான் இருக்கிறது. போகிறவர்கள்தான் குறைவு. மெஷின் வைத்த பெருமையில் நானும் பகுதி சபைப் பக்கம் தலை காட்டியதில்லை. நமக்குத்தான் தண்ணீர் வந்துவிட்டதே, இனி ஊர்க் குழாய் எப்படிப் போனால் என்ன என்ற எண்ணம்!

அந்த எண்ணத்தை என் சம்சாரம்தான் முதலில் உடைத்தாள். "தெருக்கோடிக்குக் குழாய் வேணும்னு கேட்கறதை எல்லாரும் நிறுத்திட்டோம், கவனிச்சீங்களா? மெஷின் வந்தப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கலையே" என்றாள். உண்மை. இரண்டு வருஷமாக ஒரு மனுக்கூட எழுதவில்லை. மனு எழுதித் தருகிறவனே நான்தான்.

பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பிரமாதமாக ஒன்றும் இல்லை. மெஷினை மூடவில்லை, 1140க்கு அது வேண்டியதுதான். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பூட்டுகிற மாதிரி மூடி போட்டோம். மாதம் ஒரு முறை கழுவுவது என்று தேதி குறித்தோம். தொட்டியில் அளவாகக் குளோரின் சேர்த்து, குழாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிறோம். மெஷின் கழிக்கும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல், பாத்திரம் கழுவவும் தெரு கழுவவும் தனித் தொட்டியில் பிடிக்கிறோம். பகுதி சபையில் தெருக்கோடிக் குழாய்க்கு மனுக் கொடுத்தோம். இன்னும் வரவில்லை, வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதாக உத்தேசம்.

என் நோட்டை மட்டும் வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டேன். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. தொட்டி கழுவிய தேதி, கழுவினவர் பெயர், குளோரின் அளவு, உப்பின் அளவு, பாட்டில் சோதனையின் முடிவு - இவ்வளவும் அதில் இருக்கும். வரவு செலவு கடைசி வரியில். முன்னே மேலே இருந்தது. இப்போது கீழே போய்விட்டது.

பாட்டில் சோதனையை யார் செய்வது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, பூக்கார அம்மாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, "நான் செய்யறேன்" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்று ஒருவர் இழுத்தார். "கறுப்பும் மஞ்சளும் தெரியும். முப்பது வருஷமா சாமந்தி கட்டறேன்" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வாரா வாரம் சனிக்கிழமை தண்ணீர் பிடித்து வைப்பாள். திங்கட்கிழமை காலையில், பூக்கூடையோடு கோயிலுக்குப் புறப்படும் முன் பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவாள். பேரன் கூடவே வருவான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பலகையில் அவன்தான் எழுதுகிறான். அதுவரை நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பையனைப் போல, திங்கட்கிழமை தோறும் எனக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

போன திங்கட்கிழமையும் வந்தாள். பாட்டிலைச் சூரியனுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள்.

"மஞ்சளாத்தான் இருக்குது, வாத்தியார் ஐயா."

பையன் பலகையில் எழுதினான். 'மஞ்சள்' என்பதில் 'ள்' விட்டுப் போயிருந்தது. திருத்தினேன்.